கறிவேப்பிலைச் செடில இருக்குற புழுவை பட்டாம்பூச்சியா பறக்க விடுறது எப்படி: ஏழு புழுவை சாகடிச்சவன் எழுதுற வழிகாட்டி

முதல் தடவை நான் ஏழு புழு எடுத்து வளர்த்தேன், ஏழும் செத்துப்போச்சு. ரெண்டாவது தடவை அஞ்சு எடுத்தேன், மூணு பட்டாம்பூச்சி ஆச்சு, அதுலயும் ஒண்ணு இறக்கை சுருங்கி கீழயே கெடந்துச்சு. மூணாவது தடவைதான் கை பழகுச்சு. அந்த ரெண்டு தடவையும் நான் பண்ணின தப்பெல்லாம் யாராவது முன்னாடியே ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுத்திருந்தா நடந்திருக்காது, அதான் இதை எழுதுறேன். கவித்துவம்லாம் எதிர்பார்க்காதீங்க, என்ன எப்போ எவ்வளவு நாள், அவ்வளவுதான்.

நான் சொல்றது ஒரே ஒரு இனத்தைப் பத்தி. இங்கிலீஷ்ல காமன் மார்மன், தமிழ்ல கறிவேப்பிலை அழகின்னு சொல்றாங்க. இந்தியா, இலங்கைல ஆரம்பிச்சு தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இருக்கு, ஒரு கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தா மாடித் தொட்டிக்குக்கூட தேடி வந்துரும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதைவிட நல்ல இனம் கிடையாதுன்னு நினைக்கிறேன், ஏன்னா தீனிச் செடி கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்.

மொத்த நேரத்தை முதல்லயே சொல்லிடுறேன். முட்டைல இருந்து பறக்குற வரைக்கும் சூடான சீசன்ல ஏறக்குறைய ஒரு மாசம். முட்டை 3, 4 நாள், புழு ரெண்டு ரெண்டரை வாரம், கூட்டுப்புழு 9ல இருந்து 12 நாள். குளிர், மழைன்னா எல்லாமே கொஞ்சம் இழுக்கும். இந்த ஒரு மாசத்துல நீங்க ஊருக்குப் போறதா இருந்தா இப்ப ஆரம்பிக்காதீங்க. ரெண்டு நாள் பூட்டிட்டுப் போனா கதை முடிஞ்சுது.

1. முதல்ல ஆளை அடையாளம் கண்டுக்கோங்க

இதுல அவசரப்பட்டுத்தான் பாதிப் பேர் குழம்புறாங்க. ஆண் பட்டாம்பூச்சி ஈஸி. கறுப்பு உடம்பு, கறுப்பு இறக்கை, பின் இறக்கைல வால் மாதிரி ஒரு நீட்டல், குறுக்கால வரிசையா வெள்ளைப் புள்ளிங்க சேர்ந்து பட்டையா தெரியும். இறக்கையை விரிச்சா 9, 10 செ.மீ. இருக்கும்.

பொண்ணுதான் ஆளை ஏமாத்துது. பொண்ணுல மூணு வேஷம் இருக்கு. ஒண்ணு ஆண் மாதிரியே இருக்கும், அதை சைரஸ்னு சொல்றாங்க. ரெண்டாவது ஸ்டிக்கியஸ், பின் இறக்கை நடுவுல வெள்ளைத் திட்டும் ஓரத்துல சிவப்புப் பிறையுமா அப்படியே காமன் ரோஸ்ங்கிற வேற பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும். மூணாவது ரோமுலஸ், பின் இறக்கை முழுக்க சிவப்புப் புள்ளி, கிரிம்சன் ரோஸ் மாதிரி. இந்த ரோஸ் ரெண்டும் புழுவா இருக்கும்போது ஈஸ்வரமூலி, ஆடுதீண்டாப்பாளை மாதிரி விஷச் செடியைத் தின்னு அந்த விஷத்தை உடம்புலயே சேர்த்து வெச்சுக்கும், ஒரு தடவை கடிச்ச பறவை மறுபடி கிட்ட வராது. நம்ம ஆளுக்கு விஷமே கிடையாது, கறிவேப்பிலை தின்னு வளர்ந்தது, ஆனா அதே டிரெஸ்ஸைப் போட்டுக்கிட்டு தப்பிச்சுக்குது. ஆணுக்கு இந்த வேஷமே கிடையாது, ஏன்னு கேட்டா நான் ஆராய்ச்சியாளர் இல்ல, ஆனா டபுள்செக்ஸ்ங்கிற ஒரே ஒரு ஜீன்தான் இந்த வேஷத்தையெல்லாம் முடிவு பண்ணுதுன்னு 2014ல கண்டுபிடிச்சாங்க. அதனால ஒரே தாய் போட்ட முட்டைங்கள்லயே வேற வேற உருவம் வெளிய வரலாம், மாத்தி எடுத்துட்டோமோன்னு பயப்படாதீங்க. எனக்கு அந்தக் குழப்பம் வந்து டப்பாவுல ஒட்டின லேபிளையெல்லாம் திரும்பத் திரும்ப செக் பண்ணினேன்.

எப்படி பிரிச்சுப் பார்க்குறது? இறக்கையைப் பார்க்காதீங்க, உடம்பைப் பாருங்க. நிஜ ரோஸ் ரெண்டுக்கும் தலையும் உடம்பும் சிவப்பா இருக்கும். வேஷம் போட்டதுக்கு உடம்பு கறுப்பு. இது ஒண்ணு ஞாபகம் இருந்தா போதும். இன்னொண்ணு, ரோஸ் அவசரமே இல்லாம மெதுவா மிதந்து போகும், நம்ம ஆளும் சும்மா இருக்கும்போது அதே நடை நடிக்கும், ஆனா கிட்டப் போய் கையை ஆட்டுங்க, நடிப்பையெல்லாம் விட்டுட்டு தாறுமாறா பறந்து ஓடும்.

இதே செடிக்கு எலுமிச்சைப் பட்டாம்பூச்சியும் முட்டை வைக்க வரும், அதுக்கு வால் கிடையாது, கறுப்புல மஞ்சள் வெள்ளைத் திட்டுத்திட்டா இருக்கும். புழு சின்னதா இருக்கும்போது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப்போறதில்ல, வளர்க்குற முறை ஒண்ணுதான்.

2. செடியை முன்னாடியே ரெடி பண்ணுங்க

புழுவை எடுத்துட்டு அப்புறம் இலை தேடாதீங்க. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, ஆரஞ்சு, வில்வம் இதெல்லாம் ஒரே குடும்பம், எல்லாத்துலயும் வளரும். ஆனா ஒரு புழு எந்த இலைல ஆரம்பிச்சதோ அதே இலையைக் கடைசி வரைக்கும் குடுங்க. எலுமிச்சைல பொரிச்சதை நடுவுல கறிவேப்பிலைக்கு மாத்தினேன், ரெண்டு நாள் தொடவே இல்ல, சுருங்கிப் போச்சு. சில புழு மாறிக்கும், சிலது பட்டினி கெடந்து சாகும். எதுக்கு அந்த சூதாட்டம்.

இப்ப பெரிய பொறி: மருந்து. நர்சரில வாங்கின புதுச் செடில பூச்சிமருந்து இருக்க வாய்ப்பு நிறைய, சில மருந்து செடிக்கு உள்ளயே ஊறிப் போயிருக்கும், இலையைக் கழுவினாலும் போகாது. புதுச் செடின்னா குறைஞ்சது ரெண்டு மாசம் சும்மா விட்டு, அதுக்கப்புறம் வந்த புதுத் தளிரை மட்டும் குடுங்க. கடைல வாங்குற கறிவேப்பிலைக் கொத்தும் வேணாம். "நான் வேப்பெண்ணெய்தான் அடிச்சேன், இயற்கைதானே"ன்னு சொல்றவங்க இருக்காங்க. வேப்பெண்ணெய் புழுவைக் கொல்லத்தான் அடிக்கிறோம், அது நல்ல புழு கெட்ட புழுன்னு பார்க்காது. பக்கத்துத் தொட்டிக்கு அடிச்சாலும் காத்துல இங்க வரும்.

செடி சின்னதுன்னா எண்ணிக்கையைக் குறைங்க. முழங்கால் உயரச் செடிக்கு ரெண்டு புழுவே அதிகம். புழு தன் வாழ்நாள்ல தின்னுறதுல பெரும்பகுதியை கடைசி நாலஞ்சு நாள்லதான் தின்னும், அதுவரைக்கும் "இவ்வளவுதானா"ன்னு தோணும், அப்புறம் ஒரே ராத்திரில ஒரு காம்பு மொட்டை. எங்கம்மா ஒரு நாள் காலைல செடியைப் பார்த்துட்டு "ஏண்டா, ஆடு கீடு ஏறி வந்துச்சா"ன்னு கேட்டாங்க.

3. முட்டை தேடுறது

தாய் பட்டாம்பூச்சி செடியைச் சுத்திச் சுத்தி வந்து, ஒரு இலைல லேசா உக்கார்ந்து முன்னங்காலால தட்டிப் பார்க்கும். அது இலையோட ருசி பார்க்குது, கால்லதான் அதுக்கு ருசி தெரியும். சரின்னு பட்டா வயித்தை வளைச்சு ஒரே ஒரு முட்டை வெச்சுட்டு நகர்ந்துரும். ஒரு இடத்துல ஒண்ணுதான், குவியலா வைக்காது. குவியலா முட்டை பார்த்தீங்கன்னா அது வேற ஏதோ பூச்சி.

முட்டை குண்டூசித் தலை அளவுக்கு, ஒரு மில்லிமீட்டர் சுமார், வெளிர் மஞ்சள் உருண்டை. தளிர் இலையோட மேல, கீழ ரெண்டு பக்கமும் பாருங்க. முத்தின இலைல தேடி நேரத்தை வீணடிக்காதீங்க. பொரிக்கப் போறதுக்கு முன்னாடி நிறம் கருத்துப் போகும். ஆனா முழு முட்டையும் கறுப்பாகி ரெண்டு மூணு நாள் அப்படியே நின்னா, அதுக்குள்ள ஏற்கனவே குட்டிக் குளவி முட்டை வெச்சிருச்சுன்னு அர்த்தம். ஒரு நாள் காலைல அந்த ஒரு மில்லிமீட்டர் முட்டைல இருந்து அதைவிடச் சின்னதா குளவிங்க வெளிய வரும், கண்ணால பார்த்தாலும் நம்ப முடியாது.

முட்டையை இலைல இருந்து சுரண்டி எடுக்காதீங்க. இலையோட கிள்ளுங்க, இல்ல காம்போட வெட்டுங்க. முட்டையா எடுக்குறதுதான் பெஸ்ட், ஏன்னா புழு பெருசான பிறகு எடுத்தா அதுக்குள்ள ஒட்டுண்ணி ஏற்கனவே ஏறியிருக்கும். நான் முதல் தடவை எடுத்த ஏழும் பெரிய பச்சைப் புழு, அழகா இருக்கேன்னு எடுத்தேன், அதுல ரெண்டுக்குள்ள வேற குடித்தனம் நடந்துட்டு இருந்துச்சு.

4. வீடு கட்டுறது, செலவு கிட்டத்தட்ட இல்ல

பட்டாம்பூச்சி வளர்க்கன்னே கூண்டு விக்குறாங்க, வாங்காதீங்க, முதல் தடவைக்கு வீண். ரெண்டு வழி சொல்றேன்.

முதல் வழி, செடிலயே கொசுவலைத் துணியைப் பை மாதிரி தைச்சு ஒரு கிளைக்கு மாட்டி அடில கட்டிடுறது. இலை வாடாது, குளவி, ஈ உள்ள வராது. எனக்கு இதுதான் நல்லா வருது. கட்டுறதுக்கு முன்னாடி உள்ள எறும்பு, சிலந்தி இருக்கான்னு ஒவ்வொரு இலையா பாருங்க, சிலந்தியையும் சேர்த்துக் கட்டிட்டா நீங்களே பந்தி போட்டு வெச்ச மாதிரி. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பையை அவுத்து எச்சத்தைக் கொட்டுங்க, இலை தீர்ந்தா அடுத்த கிளைக்கு மாத்துங்க.

ரெண்டாவது வழி, வீட்டுக்குள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் கூடை, உள்பக்கமும் மேலயும் கொசுவலை, அடில செய்தித்தாள். உள்ள சின்ன பாட்டில்ல தண்ணி ஊத்தி கறிவேப்பிலைக் காம்பை நிறுத்துங்க. பாட்டில் வாயைப் பஞ்சால அடைச்சே ஆகணும், இல்லன்னா புழு காம்பு வழியா இறங்கித் தண்ணிக்குள்ள போய் செத்துப்போகும். இதை நான் ஒருத்தர்கிட்ட சொன்னேன், அவர் சிரிச்சாரு, அடுத்த வாரம் போன் பண்ணி "ரெண்டு போச்சு"ன்னாரு.

மூடின டப்பா மட்டும் வேணாம். என்னோட முதல் ஏழுல அஞ்சு செத்தது இதனாலதான். காத்து வேணுமேன்னு மூடில நாலு ஓட்டை போட்டேன், இலை வாடக்கூடாதுன்னு ஈர டிஷ்யூ வெச்சேன், ரெண்டே நாள்ல உள்ள வேர்வை, எச்சத்துல பூசணம், புழு ஒண்ணொண்ணா தளர்ந்து கறுத்து தலைகீழா தொங்கிருச்சு. ஈரம்தான் முதல் எதிரி. இலையைக் கழுவிக் குடுத்தா முழுசா துடைச்சுட்டுக் குடுங்க. நேர் வெயில்லயும் வைக்காதீங்க, வெளிச்சமான நிழல் போதும்.

5. புழு வளருற ரெண்டு வாரம்

பொரிச்சதும் முட்டை ஓட்டையே தின்னும், தடுக்காதீங்க. முதல்ல வர்ற புழு பழுப்பும் வெள்ளையுமா, எண்ணெய் தடவின மாதிரி மினுமினுன்னு பறவை எச்சம் மாதிரியே இருக்கும், புதுசா பார்க்குறவங்க இதை எச்சம்னு நினைச்சுத் துடைச்சுப் போட்டுடுறாங்க. மொத்தம் அஞ்சு நிலை, நாலு தடவை தோல் உரிக்கும். நாலாவது உரிப்புக்கு அப்புறம் ஒரே நாள்ல பச்சையா மாறிடும், முன்பக்கம் உப்பி கண்ணு மாதிரி ரெண்டு புள்ளி, பக்கவாட்டுல சாய்வா பழுப்பும் வெள்ளையுமா பட்டை. அது நிஜக் கண்ணு இல்ல, நிஜத் தலை கீழ சின்னதா குனிஞ்சு இருக்கும்.

சின்னப் புழுவுக்குத் தளிர் மட்டும் குடுங்க, முத்தின இலையைக் கடிக்க அதால முடியாது. பச்சையான பிறகு எந்த இலையும் ஓகே. இடம் மாத்தணும்னா புழுவைக் கையால பிச்சு எடுக்காதீங்க, கால் பிடியை விடாது, இழுத்தா கிழியும். அது உக்கார்ந்திருக்குற இலையை வெட்டி புது இலை மேல வெச்சுடுங்க, தானா ஏறிக்கும். ரொம்ப சின்னதுன்னா மெல்லிய பெயின்ட் பிரஷ்.

தொந்தரவு பண்ணினா தலைக்குப் பின்னால இருந்து சிவப்பா கவட்டை மாதிரி ரெண்டு கொம்பு வெளிய நீட்டும், கூடவே ஒரு காரமான நாத்தம். பாம்பு நாக்கு மாதிரி இருக்கும், ஆனா கடிக்காது, கொட்டாது. எறும்பையும் குட்டிப் பூச்சியையும் விரட்டத்தான் அது. போட்டோ எடுக்க ஆசைப்பட்டு திரும்பத் திரும்பக் குத்தி நீட்ட வைக்காதீங்க. நானும் பண்ணியிருக்கேன், அப்புறம் பாவமா இருந்துச்சு.

ரொம்ப முக்கியமான ஒண்ணு. புழு ஒரு நாள் முழுக்க அசையாம, தின்னாம ஒரே இடத்துல உக்கார்ந்திருந்தா செத்துப்போச்சுன்னு தூக்கிப் போடாதீங்க. தோல் உரிக்கத் தயாராகுது. பட்டு நூல் மெத்தை ஒண்ணு போட்டு அதுல காலை மாட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கும், அந்த நேரம் நகர்த்தினா பழைய தோல்ல மாட்டிக்கிட்டு சாகும். அந்த இலை வாடியிருந்தாலும் அப்படியே விடுங்க, புது இலையைப் பக்கத்துல வைங்க. உரிச்ச தோலைப் பல நேரம் அதுவே தின்னுடும்.

தினமும் பத்து நிமிஷ வேலைதான். காலைல எச்சம் தட்டி பேப்பர் மாத்தி இலை வைக்கணும், சாயங்காலம் இலை இருக்கான்னு ஒரு பார்வை. எச்சம் கெட்டியா உருண்டையா இருக்கணும். திடீர்னு தண்ணியா போனா, புழு சின்னதா இருந்தா நோய், உடனே அதை மட்டும் தனியா பிரிச்சு வைங்க. முழுசா வளர்ந்த புழுன்னா அது வேற சமாச்சாரம், அடுத்த படி.

6. கூட்டுப்புழு

பச்சைப் புழு ஒரு நாள் திடீர்னு சாப்பாட்டை நிறுத்தும், பெருசா ஈரமா ஒரு தடவை கழியும், அப்புறம் பைத்தியம் மாதிரி கூடை முழுக்க சுத்தும். வலைல ஓட்டை இருந்தா இன்னைக்குத்தான் கண்டுபிடிக்கும். என்னோட ஒண்ணு ராத்திரி தப்பிச்சு ஜன்னல் திரைக்குப் பின்னால போய் கூடு கட்டியிருந்துச்சு, பன்னிரெண்டு நாள் அந்தத் திரையை யாரும் தொடக்கூடாதுன்னு வீட்ல உத்தரவு.

இடம் பிடிச்சதும் வால் பக்கம் பட்டு நூல் திண்டு ஒண்ணு, முதுகைச் சுத்தி இடுப்புக் கயிறு மாதிரி ஒரு நூல். மரம் ஏறுறவர் கயிறு போட்டு சாஞ்சு நிக்கிற மாதிரி நிக்கும். ஒரு நாள் அப்படியே இருந்துட்டு கடைசித் தோலை உரிக்கும். தோல் உரிச்சு சில மணி நேரம் வரைக்கும் கூட்டுப்புழு ரொம்ப மென்மையா இருக்கும், மூச்சுக்காத்து படுற தூரத்துக்குக்கூட போகாதீங்க. கூடு சில நேரம் பச்சை, சில நேரம் பழுப்பு, எங்க ஒட்டியிருக்கோ அந்த இடத்தைப் பொறுத்து வரும், நோய் இல்ல.

கூட்டை நகர்த்தவே நகர்த்தாதீங்க. தவறிக் கீழ விழுந்துட்டா பதறவேணாம், வால் நுனில இருக்குற பட்டு நூலை மெதுவா ஒரு சொரசொரப்பான குச்சில நூல் வெச்சுக் கட்டுங்க, இல்ல கொசுவலை ஓரத்துல ஒரு மெல்லிய துணி மேல படுக்க வைங்க, வெளிய வந்ததும் வலையைப் பிடிச்சு ஏறிக்கும். பசை போட்டு உடம்பை ஒட்டாதீங்க, சிலர் சூப்பர் குளூ போடுறாங்க, வேணவே வேணாம்.

தொட்டா லேசா நெளியும், உயிரோட இருக்குன்னு அர்த்தம். நெளியாம, ஓரமெல்லாம் கறுத்து, அழுத்தினா உள்ள தண்ணியா இருந்தா போச்சு. குண்டூசி குத்தின மாதிரி ஓட்டைங்க இருந்தா குளவி உள்ள இருந்து வெளிய வந்தாச்சு. நீளமா நூல் தொங்கி கீழ பழுப்புக் கூடு கெடந்தா அது டாக்கினிட் ஈயோட வேலை, அந்த ஈயோட புழு உள்ள தின்னு முடிச்சு நூல் பிடிச்சு இறங்கும். இதுல உங்க தப்பு ஒண்ணுமில்ல, முட்டையா எடுத்திருந்தா பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். செத்ததைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் அடுத்த புழுவைத் தொடணும், வைரஸ் நோயா இருந்தா கூடை முழுக்கப் பரவும்.

7. வெளிய வர்ற நாள்

முந்தின நாள் கூடு கறுக்கும், உத்துப் பார்த்தா இறக்கையோட வெள்ளை, சிவப்பு உள்ளயே தெரியும். இப்படிக் கறுத்ததை முதல்ல பார்த்தப்ப நான் செத்துப்போச்சுன்னு நினைச்சுக் குப்பைக்கே எடுத்துட்டுப் போயிட்டேன், வெளிச்சத்துல சிவப்புப் புள்ளி தெரிஞ்சுதான் திரும்பி வந்தேன். நோய்ல கறுக்குறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான், இதுல டிசைன் தெரியும்.

பெரும்பாலும் காலைல வரும். நாலஞ்சு மணிக்கு அலாரம் வெச்சு உக்கார்ந்திருந்தும் காப்பி போடப் போன ரெண்டு நிமிஷத்துல வந்துடும், அது அப்படித்தான். கூட்டைப் பிளந்து வரும்போது இறக்கை ஈரத் துணி மாதிரி சுருங்கி இருக்கும், வயிறு பெருசா இருக்கும். உடனே எதையாவது பிடிச்சு ஏறி தொங்கணும், தொங்கினாத்தான் உடம்புல இருக்குற திரவம் இறக்கை நரம்புக்கு இறங்கி விரியும். பதினஞ்சு இருபது நிமிஷத்துல விரிஞ்சுடும், ஆனா காஞ்சு கெட்டியாக ரெண்டு மூணு மணி நேரம் வேணும். என் ரெண்டாவது தடவைல ஒண்ணு கெட்டுப்போனது இங்கதான், கூடையோட பிளாஸ்டிக் சுவர் வழுவழுன்னு இருந்துச்சு, ஏற ஏற வழுக்கி விழுந்துச்சு, அப்படியே சுருங்கினபடி காஞ்சுருச்சு. அதனாலதான் உள்பக்கம் முழுக்க கொசுவலைன்னு சொன்னேன். இறக்கை விரிய இடமும் வேணும், கூட்டுக்குக் கீழ குறைஞ்சது ஒரு ஜாண் காலியா இருக்கணும்.

கீழ சிவந்த தண்ணி சொட்டும். ரத்தம் இல்ல, கூட்டுக்குள்ள சேர்ந்த கழிவு. செய்தித்தாள் போட்டிருந்தா பிரச்சனை இல்ல. கறை படிஞ்சா போகாது, தரைவிரிப்பு மேல கூடையை வைக்காதீங்க.

விழுந்து கெடக்கறதை முதல் அஞ்சு நிமிஷத்துக்குள்ள பார்த்தா ஒரு குச்சியை முன்னங்கால்கிட்ட நீட்டுங்க, பிடிச்சுக்கும், அப்படியே தூக்கி வலைல மாட்டுங்க. அதுக்கு மேல எதுவும் செய்ய வேணாம், இறக்கையை இழுத்து விரிச்சு விட்டா கிழிஞ்சுதான் போகும்.

8. விடுறது, சட்டம், நோட்டு

அன்னைக்கே விட்டுடுங்க. இறக்கை காஞ்சு, தானா அடிச்சுப் பார்க்க ஆரம்பிச்சதும், வெயில் இருக்குற நேரமா பார்த்து, முட்டை எடுத்த அதே இடத்துல விடுங்க. மழைன்னா ஒரு நாள் இருட்டான குளிர்ச்சியான இடத்துல வெச்சிருக்கலாம், முதல் நாள் தீனி தேவைப்படாது. சாயங்காலம் விட்டா பல்லிக்கும் வௌவாலுக்கும்தான் லாபம். வளர்ந்த பட்டாம்பூச்சியோட ஆயுசு வாரக்கணக்குதான், அதை ரெண்டு நாள் கூடைல வெச்சு அழகு பார்க்குறது அநியாயம். பக்கத்துல இட்லிப்பூ, செம்பருத்தி, கிருஷ்ணகிரீடம் மாதிரி தேன் பூ இருந்தா அங்கயே சுத்தும். தேன் குடிக்கும்போதும் இறக்கையை அடிச்சுக்கிட்டே இருக்கும், அதனால போட்டோல இறக்கை கலங்கலாத்தான் வரும், உங்க போன் மேல தப்பில்ல. ஆண் பட்டாம்பூச்சி ஈர மண்ணுல உக்கார்ந்து உப்பு உறிஞ்சும், அப்ப எடுங்க.

சட்ட விஷயம் சுருக்கமா. இந்தியால 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதோட அட்டவணைல பட்டாம்பூச்சிங்களும் உண்டு. நம்ம ஆளு நகல் எடுக்குற கிரிம்சன் ரோஸ் அந்த அட்டவணைல ரொம்ப வருஷமா இருந்த இனம். 2022ல அட்டவணைகளை மாத்தி அமைச்சாங்க, அதனால கறிவேப்பிலை அழகியைத் தவிர வேற இனத்தைத் தொடுறதுக்கு முன்னாடி இப்போதைய அட்டவணையை ஒரு தடவை திறந்து பாருங்க. எளிய வழி, கறிவேப்பிலை எலுமிச்சைல இருக்குறதை மட்டும் எடுங்க, ஈஸ்வரமூலி கொடில இருக்குற கருஞ்சிவப்பு முள்ளு முள்ளான புழுவை அங்கயே விட்டுட்டு போட்டோ மட்டும் எடுங்க. சரணாலயம், தேசியப் பூங்காவுக்குள்ள இருந்து முட்டை, புழு, இலை எதையுமே அனுமதி இல்லாம எடுக்கக்கூடாது, அது எந்த இனமா இருந்தாலும்.

கூட்டுப்புழுவை கூரியர்ல வேற ஊருக்கு அனுப்புறது, வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போறது இதெல்லாம் கேக்குறாங்க. வேணாம். நம்ம எலுமிச்சைப் பட்டாம்பூச்சி 2004ல கரீபியன்ல இருக்குற டொமினிகன் குடியரசுல முளைச்சுது, அங்க அது இருக்கவே கூடாத பூச்சி, எலுமிச்சைக் கன்னுங்களைத் தின்னு இப்ப அங்க தலைவலி.

ஒரு நோட்டு போடுங்க, இது ரொம்ப உதவும். முட்டை பார்த்த தேதி, எந்தச் செடி, பொரிச்ச நாள், ஒவ்வொரு தோல் உரிப்பு, சாப்பாட்டை நிறுத்தின நாள், கூடான நாள், வெளிய வந்த நாள், ஆணா பொண்ணா, பொண்ணுன்னா எந்த வேஷம். என்னோட மூணாவது தடவை நோட்டுல இருந்து ஒண்ணு சொல்றேன்: முதல் நாள் முட்டை, 4ம் நாள் பொரிச்சுது, 15ம் நாள் பச்சையாச்சு, 19ம் நாள் சாப்பாட்டை நிறுத்துச்சு, 20ம் நாள் கூடு, 31ம் நாள் காலைல ரோமுலஸ் பொண்ணு. அடுத்த தடவை புழு 25ம் நாளும் தின்னுட்டே இருந்தா ஏதோ சரியில்லன்னு உங்களுக்கே தெரியும். போட்டோவை தேதியோட ஐநேச்சுரலிஸ்ட்ங்கிற இணையதளத்துல போட்டா இனம் சரிதானான்னு தெரிஞ்சவங்க பார்த்துச் சொல்லுவாங்க, புழு படமும் பெரிய பட்டாம்பூச்சி படமும் சேர்த்துப் போடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் கூடை, வலை எல்லாத்தையும் சோப்புத் தண்ணில ஊற வெச்சுத் தேய்ச்சு ரெண்டு நாள் நல்ல வெயில்ல காயப் போடுங்க, பழைய பேட்சோட நோய் அதுலதான் ஒட்டியிருக்கும். செடிக்கும் ஒரு மாசம் லீவு குடுங்க, மொட்டையான கிளையை நுனில கிள்ளி விட்டா அடுத்த தளிர் ஒண்ணுக்கு ரெண்டா வரும். என் செடில போன வாரம்தான் தளிர் விட்டுச்சு, நேத்து சாயங்காலம் அதுல ரெண்டு முட்டை, தொடாம விட்டிருக்கேன்.